ஜூரோங் தீவு: காத்திருந்தால் போதுமா?

சிங்கப்பூரிலேயே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் ஜூரோங் தீவுக்குள் கால் வைத்ததில்லை. தீவுக்குச் சாலை இருக்கிறது. ஆனால் சோதனைச் சாவடியில் அனுமதி அட்டை காட்டாமல் அதைத் தாண்ட முடியாது. விடியற்காலையில் அந்தச் சாவடியை நோக்கிப் போகும் லாரிகளிலும் பேருந்துகளிலும் தமிழ் கேட்கும். வெல்டர்கள், குழாய் பொருத்துபவர்கள், சாரம் கட்டுபவர்கள், குழாய்களுக்கு வெப்பக் காப்புறை போடுபவர்கள் என்று புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் அவற்றில் இருப்பார்கள். ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இப்போது ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கிறது: "கம்பெனியை வித்துட்டாங்களாமே, வேலை இருக்குமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. "இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் சகஜம், இரண்டு மூன்று வருஷத்தில் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "அவ்வளவுதான், எல்லாம் சீனாவுக்குப் போய்விட்டது" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டில் எதை நம்பி முடிவெடுத்தாலும் தவறான இடத்தில்தான் போய் நிற்போம்.

மழை பொய்த்தால் விவசாயி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கலாம். ஆறே தடம் மாறிவிட்டால் காத்திருந்து பயனில்லை, பயிரை மாற்றியாக வேண்டும். ஜூரோங் தீவுக்கு நேர்ந்திருப்பதில் இரண்டும் கலந்திருக்கின்றன. எது மழைக் குறைவு, எது தடம் மாறிய ஆறு என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தத் தொழிலின் எதிர்காலம் புரியும்.

எண்ணெய் இல்லாத ஊரில்

சிங்கப்பூர் மண்ணில் ஒரு சொட்டுக் கச்சா எண்ணெய் கிடையாது. 1961இல் ஷெல் நிறுவனம் புக்கோம் தீவில் முதல் சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியபோதும் கச்சா எண்ணெய் கப்பலில்தான் வந்தது, இன்றும் அப்படித்தான். சுத்திகரிப்பில் பெட்ரோல், டீசலோடு நாப்தா என்ற இலேசான திரவமும் கிடைக்கும். அதிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் செயற்கை ரப்பருக்கும் வேண்டிய மூலப்பொருள்களைச் செய்வதுதான் பெட்ரோ ரசாயனத் தொழில். ஜப்பானின் சுமிட்டோமோ தலைமையிலான நிறுவனங்களும் சிங்கப்பூர் அரசும் சேர்ந்து 1977இல் ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்தன. 1984இல் ஆயர் மெர்பாவ் தீவில் அதன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது உலகச் சந்தை மந்தமாக இருந்தது. இந்தத் தொழில் சிங்கப்பூரில் பிறந்ததே ஒரு கெட்ட காலத்தில்தான்.

பிறகு தீவுகளையே ஒட்டவைத்தார்கள். 1995இல் தொடங்கி 2009 வரை கடலைத் தூர்த்து, ஏழு சிறு தீவுகளை ஒன்றாக்கினார்கள். மொத்தம் 10 சதுர கிலோமீட்டர்கூட இல்லாதிருந்த நிலம் 30 சதுர கிலோமீட்டருக்கும் மேலானது. 2000 அக்டோபரில் ஜூரோங் தீவு முறைப்படி திறக்கப்பட்டது. நிலம் போதாமல் 2014இல் கடலடிப் பாறையைக் குடைந்து, கிட்டத்தட்ட 15 லட்சம் கன மீட்டர் எண்ணெயைச் சேமிக்கும் குகைகளையும் திறந்தார்கள். எக்ஸான்மொபில் 2001இலும் 2013இலும் இரண்டு ஆலைகளையும், ஷெல் 2010இல் ஒன்றையும் சேர்த்தன. இப்படி வளர்ந்து, எத்திலீன் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் டன் செய்யும் திறனைச் சிங்கப்பூர் எட்டியது.

மூலப்பொருளும் இல்லாமல், உள்நாட்டில் பெரிய சந்தையும் இல்லாமல் இதெல்லாம் எப்படி நடந்தது? கப்பல் பாதையில் அமைந்த இடம், ஆழமான துறைமுகம், சட்டத்தின் மீது நம்பிக்கை, வரிச் சலுகை, நீராவியையும் மின்சாரத்தையும் பொதுவில் வாங்கிக்கொள்ளும் வசதி. இவற்றோடு வடக்கே சீனா என்றொரு வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஆலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சந்தையின் பிடிவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

உலைக்குள் ஒரு நொடி

நாப்தாவை நீராவியோடு கலந்து, நெருப்பு சூழ்ந்த உலோகக் குழாய்களுக்குள் பாய்ச்சுகிறார்கள். குழாய்க்குள் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே அது இருப்பது அரை நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் நீண்ட மூலக்கூறுகள் உடைந்து துண்டுகளாகின்றன. இதனால்தான் இந்த ஆலைக்குக் கிராக்கர் என்று பெயர். வெளியே வந்த வாயுவை உடனே குளிரவைக்காவிட்டால் உடைந்தவை மறுபடி ஒட்டிக்கொண்டு கரியாகிவிடும். பிறகு அதை அழுத்தி, பூஜ்யத்துக்கும் கீழே 100 டிகிரிக்கும் கூடுதலாகக் குளிர்வித்து, ஒவ்வொரு வாயுவையும் தனியே பிரிக்கிறார்கள். எத்திலீன், புரோப்பிலீன், பியூட்டாடையீன் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. எத்திலீனைக் கோத்துச் சங்கிலியாக்கினால் பாலிஎத்திலீன். ஆலையிலிருந்து மூட்டைகளில் வெளியேறும்போது அது ஜவ்வரிசி போன்ற வெள்ளை மணிகளாக இருக்கும். நம் வீட்டுப் பால் பாக்கெட்டின் உறை அந்த மணிகளை உருக்கி ஊதிய படலம்தான்.

இத்தகைய ஆலையை மாவு மில்லைப் போல நினைத்த நேரத்தில் நிறுத்தி, நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. ஓட்டத்தை ஓரளவு குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் ஆலை நிலையாக ஓடாது. முழுதாக நிறுத்தி மீண்டும் தொடங்குவது செலவும் ஆபத்தும் உள்ள வேலை. போட்ட முதலோ நூறு கோடி டாலர்க் கணக்கில். அதனால் நஷ்டம் வந்தாலும் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்ப்போம் என்றே முதலாளிகள் நினைக்கிறார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் முதலில் மூடட்டும் என்று காத்திருக்கிறார்கள். உலகில் சரக்கு மிஞ்சிக் கிடந்தும் உற்பத்தி குறையாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் இது.

வாங்கும் கணக்கு

இனி மூன்று கணக்குகளைத் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்போம். முதலாவது, மூலப்பொருள் வாங்கும் கணக்கு.

நூறு டன் நாப்தாவை உடைத்தால் ஏறக்குறைய முப்பது டன் எத்திலீன் கிடைக்கும். மீதி வேறு பொருள்கள். இயற்கை எரிவாயுவோடு வரும் ஈத்தேனை உடைத்தாலோ நூறு டன்னுக்கு எண்பது டன் அளவுக்கு எத்திலீன் கிடைக்கும். அமெரிக்காவில் ஷேல் பாறையிலிருந்து எரிவாயு பெருக்கெடுத்த பிறகு அங்கே ஈத்தேன் மலிந்துவிட்டது. மத்தியக் கிழக்கில் அது முன்பிருந்தே மலிவு. கத்தார் சிங்கப்பூரைப் போலவே சிறிய நாடு. ஆனால் காலுக்கடியில் எரிவாயு இருப்பதால் ராஸ் லஃபானில் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் எத்திலீன் செய்யும் புதிய ஈத்தேன் ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டியது.

நாப்தா ஆலையின் லாபத்தை அளக்கத் தொழிலில் இருப்பவர்கள் பார்ப்பது ஒரே ஒரு இடைவெளியை: ஒரு டன் எத்திலீன் விலைக்கும் ஒரு டன் நாப்தா விலைக்கும் உள்ள வித்தியாசம். அது 250 முதல் 300 டாலராக இருந்தால்தான் கையைக் கடிக்காது என்பது ஆசியச் சந்தையில் பழகிப்போன கணக்கு. 2022க்குப் பிறகு பெரும்பாலான காலம் இடைவெளி அதற்குக் கீழேயே கிடந்தது. கச்சா எண்ணெய் விலை ஏறி இறங்குவதால் இந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் மாறும். அந்த அளவுக்கு இது மழை. ஆனால் ஈத்தேன்காரருக்கும் நாப்தாக்காரருக்கும் நடுவில் உள்ள செலவு வித்தியாசம் பருவத்தோடு போகக்கூடியதல்ல.

விற்கும் கணக்கு

இரண்டாவது, விற்கும் கணக்கு. தடம் மாறிய ஆறு இங்கேதான் இருக்கிறது.

பல ஆண்டுகளாக ஆசியாவின் ஆலைகள் எல்லாம் சீனாவை நம்பித்தான் வளர்ந்தன. உலகத்துக்கே பொருள் செய்து கொடுத்த சீனாவுக்குப் பிளாஸ்டிக் மூலப்பொருள் போதவில்லை. பிறகு சீனா தானே செய்யத் தொடங்கியது. 2018இல் அதன் எத்திலீன் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 கோடி டன். 2023இல் அது 5 கோடி டன் அளவை எட்டியது. ஐந்தே ஆண்டுகளில் கூடியது மட்டும் சிங்கப்பூரின் மொத்தத் திறனைப் போல ஆறு மடங்கு. சௌஷான் தீவில் எழுந்த ஒரு வளாகம் மட்டும் நாளொன்றுக்கு 8 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கக்கூடியது. எக்ஸான்மொபில், ஷெல் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் சீனாவின் ஹுய்ஜோவில் தங்கள் முதலீட்டைப் போட்டன. வாடிக்கையாளரின் வீட்டு வாசலிலேயே கடை திறக்கலாம் என்றால் தூரத்துத் தீவிலிருந்து சரக்கு அனுப்ப என்ன அவசியம்?

தென்கிழக்கு ஆசியாவில் தேவை வளரும், அங்கே விற்றுக்கொள்ளலாம் என்பது ஒரு நம்பிக்கை. தேவை வளர்வது உண்மைதான். ஆனால் அண்டை நாடுகளும் தங்களுக்கென்று ஆலை கட்டிக்கொண்டன. ஜொகூரின் பெங்கராங்கில் மலேசியா கட்டியது. இந்தோனேசியாவின் சிலெகோனில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் எத்திலீன் செய்யும் புதிய ஆலை 2025இல் திறக்கப்பட்டது. வியட்நாமின் லோங் சோன் வளாகம் 2024இல் வணிக உற்பத்தியைத் தொடங்கி, லாபம் வராததால் சில வாரங்களிலேயே உற்பத்தியை நிறுத்தியது. பிறகு அமெரிக்க ஈத்தேனைப் பயன்படுத்தும்படி ஆலையை மாற்றியமைக்க முதலீடு செய்தது. புத்தம் புதிய ஆலைக்கே இந்த நிலை என்றால் பழைய ஆலைகளின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

தென்கொரியா இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2025 ஆகஸ்டில் அங்கே பத்து நிறுவனங்கள் நாப்தா ஆலைத் திறனில் ஆண்டுக்கு 27 முதல் 37 லட்சம் டன் வரை குறைக்க அரசின் முன்னிலையில் உடன்பட்டன. மேல்வரம்பை எடுத்துக்கொண்டால் அது சிங்கப்பூரின் மொத்த எத்திலீன் திறனுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

புகைக் கணக்கு

மூன்றாவது, புகைக்கான கணக்கு. 2019இல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 5 வெள்ளியாக, அதாவது 5 சிங்கப்பூர் டாலராகத் தொடங்கிய சிங்கப்பூரின் கரிம வரி, 2024இலும் 2025இலும் 25 வெள்ளி, 2026இலும் 2027இலும் 45 வெள்ளி. 2030க்குள் அதை 50 முதல் 80 வெள்ளி வரை கொண்டுபோவதே அரசு அறிவித்த பாதை.

இதன் பாரம் எவ்வளவு? ஒரு டன் எத்திலீன் செய்யும்போது தோராயமாக ஒரு டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 வெள்ளி என்பது ஏறக்குறைய 35 அமெரிக்க டாலர். 250 டாலர் இடைவெளியே கிடைக்காமல் தவிக்கும் ஆலைக்கு 35 டாலர் சிறிய தொகையல்ல. அண்டை நாட்டுப் போட்டியாளர் அந்தத் தொகையைக் கட்டுவதில்லை. அதனால்தான் இத்தகைய ஆலைகளுக்கு வரியின் ஒரு பகுதியில் தற்காலிகச் சலுகை தருகிறார்கள். சலுகையே வேண்டாம் என்று வாதிடுபவர்களும் உண்டு, வரியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. என் பார்வையில் வரி தேவை. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நனையும் நாடுகளில் ஒன்று, தன் புகைக்கு விலை வைக்காமல் உலகத்திடம் பேச முடியாது. சலுகையும் தேவை. இங்கே மூடிய ஆலைக்குப் பதிலாக வரியில்லாத இடத்தில் அதே பொருளைச் செய்தால் வானத்துக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் அந்தச் சலுகை, ஆலையை மாற்றியமைக்கச் செலவழிப்பவருக்குப் போக வேண்டும். காலம் கடத்துபவருக்குப் போகக் கூடாது.

விற்றவரும் வாங்கியவரும்

இந்த மூன்று கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு ஷெல் நிறுவனத்தின் விற்பனையைப் படித்தால் செய்தி தெளிவாகும். 2020 நவம்பரிலேயே ஷெல், புக்கோமில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பைப் பாதியாகக் குறைப்பதாகவும் 1,300 வேலைகளை 2023க்குள் 800 ஆக்குவதாகவும் அறிவித்தது. 2024 மே மாதம் புக்கோம், ஜூரோங் தீவு ஆலைகளை விற்க ஒப்புக்கொண்டது. 2025 ஏப்ரலில் அவை கைமாறி ஆஸ்டர் என்ற புதிய பெயரைப் பெற்றன. வாங்கியவர்கள் இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் கிளென்கோர் வணிக நிறுவனமும்.

விற்ற செய்தியைப் பெரிதாகப் பேசிய நாம், யார் வாங்கினார் என்பதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. பிளாஸ்டிக்கும் எரிபொருளும் ஏராளமாக இறக்குமதி செய்யும் இந்தோனேசியாவிலிருந்து ஒரு நிறுவனம் வந்து, தன் வீட்டுச் சந்தைக்குக் கடல் வழியில் அருகில் இருக்கும் ஆலையை வாங்கியிருக்கிறது. உலகத்துக்கே விற்ற தீவு இனி அண்டை நாடுகளின் தேவையோடு பின்னிக்கொள்ளும் என்பதற்கு இது ஒரு அடையாளம். இதில் பாதுகாப்பும் உண்டு, சார்ந்திருத்தலும் உண்டு.

எந்தப் பயிர்?

அப்படியானால் தீவு எதைப் பயிரிடுவது? விதை ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. ஜெர்மனியின் இவோனிக் நிறுவனம் ஜூரோங் தீவில் மெத்தியோனின் செய்கிறது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் அமினோ அமிலம் அது, நாமக்கல்லில் பண்ணை வைத்திருப்பவர்களுக்குப் பழகிய பெயர். டயருக்கு உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் பியூட்டைல் ரப்பர் ஆலை 2013இல் இங்கே வந்தது. இன்ஜின் எண்ணெயில் கலக்கும் கூட்டுப்பொருள்களைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தீவுக்கு வெளியே, துவாஸில் ஃபின்லாந்தின் நெஸ்தே நிறுவனம், பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் கொண்டு டீசலும் விமான எரிபொருளும் செய்கிறது. 2023 விரிவாக்கத்துக்குப் பிறகு அதன் திறன் ஆண்டுக்கு 26 லட்சம் டன். 2025 அக்டோபரில் ஜூரோங் தீவின் ஒரு பகுதியைப் புதிய எரிசக்திக்கும், 700 மெகாவாட் வரை மின்சாரம் பெறக்கூடிய தரவு மையப் பூங்காவுக்கும் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. டன் கணக்கில் போட்டி போடுவதை விட்டு, கிலோ கணக்கில் விலை பெறும் பொருளுக்குத் தீவு நகர்கிறது.

ஒரு சிக்கலை மட்டும் மறந்துவிடக் கூடாது. மெத்தியோனினுக்குப் புரோப்பிலீன் வேண்டும். பியூட்டைல் ரப்பருக்கு ஐசோபியூட்டிலீன் வேண்டும். அவை பக்கத்து ஆலையிலிருந்து குழாய் வழியாக வருவதே இந்தத் தீவின் அருமை. ஒருவரின் கழிவு வாயு இன்னொருவருக்கு எரிபொருள், ஒருவரின் துணைப்பொருள் இன்னொருவருக்கு மூலப்பொருள். இந்தப் பின்னல் நல்ல காலத்தில் எல்லோருக்கும் செலவைக் குறைத்தது. கெட்ட காலத்தில் ஒரு பெரிய உலை அணைந்தால் குழாயின் மறுமுனையில் இருப்பவர் கப்பலில் வாங்க வேண்டிவரும், அவருடைய கணக்கும் புரளும். எனவே "பெட்ரோ ரசாயனம் வேண்டுமா, வேண்டாமா?" என்பது தவறான கேள்வி. மேலே உள்ள பயிரைக் காப்பாற்ற அடியில் எத்தனை உலைகள் எரிந்தாக வேண்டும் என்பதே சரியான கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தனி நிறுவனங்கள் பதில் தேட மாட்டா. ஹூஸ்டனிலும் தோக்கியோவிலும் ஜகார்த்தாவிலும் இருக்கும் தலைமையகங்கள் தத்தம் லாப நஷ்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். தீவு முழுவதையும் ஒரே வரைபடமாகப் பார்க்கக்கூடியது அரசு ஒன்றுதான். ஆலையை மூடுவதற்குப் போதிய முன்னறிவிப்பு, குழாய் வழிப் பொருளுக்கு மாற்று ஏற்பாடு, குறைந்த உலைகளை நிறைந்த ஓட்டத்தில் வைப்பதற்கான பேச்சுவார்த்தை ஆகியவற்றை இப்போதே தொடங்க வேண்டும். நெருக்கடி முற்றிய பிறகு பேசினால் பேரம் பேசும் பலம் இருக்காது.

தொலைபேசிக்குப் பதில்

கடைசியாக, ஊரிலிருந்து வந்த அந்தக் கேள்விக்கு வருவோம். ஒரு கிராக்கரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாரக்கணக்கில் நிறுத்திப் பராமரிப்பார்கள். தொழிலாளர் பேச்சில் அது "ஷட்டவுன்". குழாய்களைப் பிரித்து, கரியைச் சுரண்டி, பற்றவைப்புகளைச் சோதித்து, திரும்பப் பூட்டும் அந்த நாட்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருந்திரளாக உள்ளே இருப்பார்கள். ஆலைகளின் எண்ணிக்கை குறைந்தால் முதலில் குறைவது இந்த வேலைதான். இவர்களுக்கு ஆலைக்காரர் முதலாளி அல்ல, ஒப்பந்தக்காரரே முதலாளி. அதனால் ஆலை விற்பனையில் அறிவிக்கப்படும் வேலை எண்ணிக்கையில் இவர்கள் வருவதே இல்லை. முகவருக்குக் கட்ட வாங்கிய கடன் அடைவதற்குள் வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்பினால், சந்தை மாற்றத்தின் விலையை மிகக் குறைவாகச் சம்பாதித்தவர் கட்டியதாக ஆகும். தொழிலின் மாற்றத்துக்குச் சலுகை தரும் நாடு, அதே கணக்கில் இவர்களுடைய பயிற்சியையும் வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளும் வழியையும் சேர்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அந்தக் குழாய்களைக் கட்டியும் காத்தும் வந்த கைகளுக்கு அது கடன்.

"வேலை இருக்குமா?" என்று கேட்கும் வீட்டாருக்கு நேர்மையான பதில் இப்படித்தான் இருக்கும்: தீவு நாளைக்கே மூடாது. ஆனால் பழைய அளவுக்கு இனி வளராது. எண்ணெய் விலை ஏறியது, இறங்கியது என்ற செய்தியைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். எந்த உலையை அணைக்கிறார்கள், அந்தக் குழாயின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கையில் ஒரே ஒரு வேலைச் சான்றிதழ் இருந்தால், அடுத்த ஷட்டவுனுக்கு முன் இன்னொன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துவாஸிலும் தரவு மையத்திலும் குழாய் உண்டு, பற்றவைப்பு உண்டு. ஆனால் அங்கே கேட்கப்படும் தகுதி சற்றே வேறாக இருக்கும்.